பிறந்த குழந்தை உதறுகிறது: வலிப்பா, வெறும் நடுக்கமா? மூளை ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் குழந்தை மருத்துவரான என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. பெற்றோரும் பாட்டிகளும் கேட்பதோடு, கிராம சுகாதார செவிலியர்கள் போனில் கேட்பதும் இதில் உண்டு. பெரும்பாலானவர்களின் முதல் கேள்வி "எந்த ஊரில் ஸ்கேன் எடுக்கணும்?" என்பதுதான். ஸ்கேன் முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலைகள் உண்டு. அந்த வரிசை மாறினால் குழந்தைக்குத்தான் நஷ்டம்.

பிறந்த குழந்தை கை காலை உதறினாலே ஃபிட்ஸா?

இல்லை. பச்சைக்குழந்தையின் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அசைவை அடக்கிவைக்கும் பிடி இன்னும் முழுதாக வரவில்லை. அதனால் பசித்தாலும், வீறிட்டு அழுதாலும், துணியைப் பிரித்ததும் குளிர்ந்தாலும் தாடையும் கைகளும் வெடவெடக்கும். கதவு சாத்தும் சத்தத்துக்கு இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப்போடும். இவை நல்ல ஆரோக்கியமான குழந்தைகளிடமும் தினமும் நடப்பவை.

நிஜமான வலிப்பு பிறக்கும் 1000 குழந்தைகளில் ஒன்று முதல் ஐந்து பேருக்கு வரலாம். குறைமாதக் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் வந்தால் தாமதிக்க முடியாத விஷயம்.

வீட்டில் பார்க்கும்போது எப்படி வித்தியாசம் தெரியும்?

முதலில் உதறும் கையை உங்கள் உள்ளங்கைக்குள் மெதுவாகப் பிடித்து லேசாக மடக்குங்கள். வெறும் நடுக்கமாக இருந்தால் அந்தக் கணமே அடங்கும். வலிப்பாக இருந்தால் நீங்கள் பிடித்திருக்கும்போதும் உள்ளுக்குள் வெட்டி வெட்டி இழுப்பது கையில் தெரியும்.

அடுத்து வேகம். நடுக்கம் வேகமாகவும் சீராகவும் இருக்கும், போவதும் வருவதும் ஒரே வேகத்தில். வலிப்பில் ஒரு பக்கம் சட்டென்று இழுத்து, மெதுவாகத் திரும்பி, மறுபடி சட்டென்று இழுக்கும்.

மூன்றாவது கண். நடுங்கும் குழந்தை உங்களைப் பார்க்கும், அல்லது அழும். வலிப்பு வந்த குழந்தையின் கண் ஒரு பக்கமாகச் செருகி நிற்கலாம், விழித்தபடியே எங்கேயோ நிலைகுத்தலாம்.

இவை தவிர, பார்த்தால் வலிப்பு போலவே இல்லாத வலிப்புகளும் உண்டு. சப்புக்கொட்டிக்கொண்டே இருப்பது, சைக்கிள் மிதிப்பதுபோல் காலை ஆட்டுவது, திடீரென்று அசைவற்றுப் போய் நிறம் மாறுவது, மூச்சு சில நொடி நிற்பது போன்றவை. "குழந்தை நல்லாதானே வாய மெல்லுது" என்று இவற்றை வீட்டில் விட்டுவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வந்தால் காட்டிவிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். பிடித்ததும் நின்றுவிட்டது, அதனால் கவலையில்லை என்று முடிவுகட்ட முடியாது. இரத்தத்தில் சர்க்கரையோ கால்சியமோ குறைந்தாலும் வெறும் நடுக்கமாகவே தெரியலாம். அந்த நடுக்கத்துக்கும் வைத்தியம் தேவை.

தூங்கும்போது மட்டும் தூக்கித் தூக்கிப் போடுகிறது. விழித்தால் ஒன்றுமில்லை.

இது பெரும்பாலும் தூக்கத் துள்ளல். 1982-லேயே மருத்துவ இதழில் விவரிக்கப்பட்ட, தீங்கில்லாத ஒன்று. முதல் சில வாரங்களில் வந்து, மூன்று மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்குக் குறைந்து, ஆறு மாதத்துக்குள் அநேகமாக மறைந்துவிடும்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் மூன்று வாரக் குழந்தையோடு வந்தார். எம்ஆர்ஐ ஏற்கெனவே எடுத்தாயிற்று, நார்மல். ஆனாலும் துள்ளல் நிற்கவில்லை என்று வீடே பயந்திருந்தது. எப்போது வருகிறது என்று கேட்டதற்கு, "தூளியில போட்டு ஆட்டி விட்டா வருதுங்க, ஆட்ட ஆட்ட அதிகமாகுது" என்றார். அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி விடை இருந்தது. அறையிலேயே புடவையைக் கட்டித் தூளியாக்கி ஆட்டச் சொன்னேன். குழந்தை கண் அசந்ததும் இரண்டு கையும் தோளிலிருந்து துள்ள ஆரம்பித்தன. பாட்டி பதறிப்போய்க் கைகளை இறுக்கிப் பிடித்தார், துள்ளல் கூடியது. நான் உள்ளங்காலில் சுண்டினேன். குழந்தை முகம் சுளித்து, கண் திறந்து, அழுதது. துள்ளல் அந்த நொடியே நின்றது.

தூக்கத் துள்ளலின் குணமே இதுதான். ஆட்டினால் வரும், பிடித்தால் சில சமயம் கூடும், எழுப்பினால் நின்றுவிடும். எழுப்பிய பிறகும் தொடர்ந்தால் அது வேறு. தூக்கத் துள்ளலை வலிப்பு என்று நினைத்துச் சில வலிப்பு மருந்துகளைக் கொடுத்தால் துள்ளல் இன்னும் மோசமாகும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அனுபவமுள்ள டாக்டரோ நர்ஸோ பார்த்தாலே சொல்லிவிட முடியாதா?

நாங்களும் தடுமாறுகிறோம். 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் பச்சிளங்குழந்தைகளின் 20 வீடியோக்களை மருத்துவர், செவிலியர் என 137 பேரிடம் காட்டி, எது வலிப்பு, எது இல்லை என்று கேட்டார்கள். சராசரியாகப் பாதிதான் சரியாக வந்தது. அதற்கு முந்தைய வருடம் அயர்லாந்தின் கார்க் நகரிலிருந்து வந்த ஆய்வு இன்னும் யோசிக்க வைத்தது. இஇஜியில், அதாவது மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் பரிசோதனையில், பதிவான வலிப்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே வெளியே அசைவு தெரிந்தது. மீதி எல்லாம் குழந்தை சும்மா படுத்திருப்பதுபோல் இருக்கும்போதே மூளைக்குள் நடந்தவை.

அதனால்தான் பன்னாட்டு வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2021-ல் கொண்டுவந்த வகைப்பாட்டில், பச்சிளங்குழந்தையின் வலிப்பை உறுதிசெய்யும் இடத்தை இஇஜிக்குக் கொடுத்தது. கண்ணால் பார்த்து மட்டும் முத்திரை குத்தாதே என்பதுதான் அதன் பொருள்.

எம்ஆர்ஐ எடுத்தால் அது வலிப்பா இல்லையா என்று தெரிந்துவிடுமா?

தெரியாது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

எம்ஆர்ஐ வீட்டு வயரிங்கைப் படம் பிடிக்கிற வேலை. இஇஜி அந்த வயரில் கரண்ட் இந்த நிமிடம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற வேலை. வலிப்பு என்பது கரண்டின் கோளாறு. வயரிங் படம் அழகாக இருந்தாலும் கரண்ட் தாறுமாறாக ஓடலாம். கால்சியம் குறைவால் வரும் வலிப்பு, சில மரபணுக் கோளாறுகளால் வரும் வலிப்பு இவற்றில் எல்லாம் ஸ்கேன் சுத்தமாக இருக்கும். எதிர்ப்புறமும் உண்டு. ஸ்கேனில் ஒரு பாதிப்பு தெரிகிறது என்பதற்காகக் குழந்தையின் ஒவ்வோர் உதறலும் வலிப்பாகிவிடாது. மூளையில் அடிபட்ட குழந்தையும் பசிக்கு நடுங்கும்.

எனவே "இந்த அசைவு வலிப்பா?" என்ற கேள்விக்கு வீடியோவும் இஇஜியும் சேர்ந்துதான் பதில் சொல்லும். அசைவு வரும் அதே நேரத்தில் இஇஜி ஓடிக்கொண்டிருந்தால் மிக நல்லது. இரண்டு மூன்று மின்முனைகளை மட்டும் வைத்து நாள்கணக்கில் ஓடும் சுருக்கமான கண்காணிப்பு கருவியும் உண்டு. தீவிர சிகிச்சையில் அது ரொம்ப உதவி. ஆனால் சில நொடிகளில் முடிந்துவிடும் வலிப்பையும், மின்முனைக்குத் தள்ளி மூளையின் ஓரத்தில் வரும் வலிப்பையும் அது தவறவிடலாம்.

அப்புறம் எதற்கு ஸ்கேன்?

ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ள. மூளைக்குள் ஏற்பட்ட பாதிப்பைப் பார்க்க ஸ்கேனை விட்டால் வேறு வழி பெரிதாக இல்லை.

நிறைமாதக் குழந்தைக்கு வலிப்பு வர மிகப் பொதுவான காரணம், பிரசவ நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜனும் இரத்தமும் குறைந்துபோவது. இந்த வலிப்பு பெரும்பாலும் முதல் நாளிலேயே தொடங்கிவிடும். அடுத்த முக்கியமான காரணங்கள் பக்கவாதம், மூளைக்குள் இரத்தக்கசிவு, மூளைக்காய்ச்சல், மூளை உருவாகும்போதே ஏற்பட்ட அமைப்புக் கோளாறு.

பக்கவாதம் என்றதும் "பொறந்த கொழந்தைக்கா?" என்று கேட்பார்கள். ஆமாம், வரும். நல்ல எடை, பிறந்ததும் அழுதது, பால் குடித்தது, எந்தக் குறையும் இல்லை. இரண்டாம் நாள் வலது கை மட்டும் விட்டு விட்டு இழுக்கிறது. பிடித்தாலும் நிற்கவில்லை. சர்க்கரை சரி, கால்சியம் சரி, கிருமித்தொற்றின் அறிகுறி இல்லை. இப்படி ஒரு குழந்தைக்கு எம்ஆர்ஐ எடுத்தால் இடது பக்க மூளையில் ஓர் இரத்தக்குழாய் அடைபட்ட இடம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். தொடுதலோ இரத்தப் பரிசோதனையோ இதைக் காட்டிக்கொடுக்காது. எந்தக் கை, எந்தக் காலுக்குப் பிற்பாடு பயிற்சி வேண்டியிருக்கும் என்பதைக்கூட அந்தப் படத்தை வைத்து முன்கூட்டியே திட்டமிடலாம்.

அல்ட்ராசவுண்ட், சிடி, எம்ஆர்ஐ: எது நல்லது?

முதலில் தலை அல்ட்ராசவுண்ட். உச்சிக்குழி மூடாமல் இருப்பதால் அதன் மேல் ஜெல்லி தடவி, படுக்கையிலேயே, குழந்தையை நகர்த்தாமல் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். மூளையின் நடுவிலுள்ள நீர்அறைகளில் இரத்தம் கசிந்திருந்தால், நீர் தேங்கியிருந்தால் நன்றாகத் தெரியும். குறைமாதக் குழந்தைகளுக்கு இதுவே பெரிய துணை. மூளையின் மேற்பரப்பும் ஓரங்களும் சரியாகத் தெரியாது என்பதுதான் குறை. பக்கவாதத்தை அது தவறவிடக்கூடும்.

சிடியில் கதிர்வீச்சு உண்டு. பச்சைக்குழந்தைக்கு அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதே சரி. விழுந்து அடிபட்டது, உச்சி புடைத்து வெளுத்துப்போய் வருகிறது, மூளைக்குள் இரத்தம் கசிகிறதோ என்று சந்தேகம், எம்ஆர்ஐ கிடைக்க நேரமாகும் என்றால் யோசிக்காமல் சிடி எடுக்கலாம். பிறந்ததும் போடவேண்டிய வைட்டமின் கே ஊசி போடாத குழந்தைகளை நான் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். முதல் வாரத்திலும், அதைத் தாண்டி மூன்று மாதம் வரைக்கும்கூட அவர்களுக்கு இரத்தக்கசிவு வரலாம். சித்தேரி மலையிலோ அஞ்செட்டி பக்கமோ வழியிலோ வீட்டிலோ பிரசவம் ஆகிவிட்டால், தொப்புள்கொடி வெட்டியதோடு விடாமல் அந்த ஊசியைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு இல்லை, படமும் மிகத் தெளிவு. காரணம் தேட அதுதான் முதல்தரம்.

எத்தனையாவது நாளில் எம்ஆர்ஐ எடுக்கலாம்?

பிரசவ நேர மூச்சுத்திணறலால் வந்த பாதிப்புக்கும் பக்கவாதத்துக்கும் பிறந்த மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் எடுப்பது நல்லது. திசுக்களில் நீர் நகர்வதைப் பார்க்கும் டிஃப்யூஷன் படம் அப்போதுதான் பாதிப்பை முழுதாகக் காட்டும். முதல் நாளே எடுத்தால் பாதிப்பு குறைவாகத் தெரியலாம். ஒரு வாரம் கழிந்தால் அந்த வெண்மை மங்கி, நார்மல் போலத் தோன்றும் ஒரு இடைக்காலம் வரும். அப்போது மற்ற வகைப் படங்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நீடித்த வலிப்பினாலேயே டிஃப்யூஷனில் தற்காலிக மாற்றம் தெரிவதும் உண்டு. அறிக்கையை வாசிக்கிறவருக்குக் குழந்தை பிறந்த நேரமும் வலிப்பு வந்த நேரமும் தெரியவேண்டும். அதை எழுதியே கொடுங்கள்.

மயக்க மருந்து கொடுப்பார்களா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் கதகதப்பாகச் சுற்றிவிட்டால் பச்சைக்குழந்தை அரைமணி நேரம் அசையாமல் தூங்கும். சத்தம் தாங்க காதுக்கு அடைப்பு வைப்பார்கள். வெள்ளி அரைஞாண், காப்பு, கொலுசு, தாயத்து எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். காந்த அறைக்குள் உலோகம் ஆபத்து. கண் மையையும் கன்னத்துத் திருஷ்டிப் பொட்டையும் துடைத்துவிடுங்கள். சில மைகளில் உலோகத்தூள் இருக்கும், படத்தைக் கெடுக்கும்.

பாலக்கோட்டில் இருக்கிறோம். நேராக சேலமோ பெங்களூரோ போய் ஸ்கேன் எடுத்துவிட்டு வரட்டுமா?

தயவுசெய்து அப்படிக் கிளம்பாதீர்கள். முதலில் பக்கத்தில் சர்க்கரை பார்க்கும் இடம் எதுவோ அங்கே போங்கள். குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். பல பச்சிளங்குழந்தை வார்டுகளில் 100 மில்லி இரத்தத்தில் 45 மில்லிகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்று எடுத்துக்கொள்கிறோம். சர்க்கரை நீரை நரம்பில் ஏற்றினால் அந்த வலிப்பு அங்கேயே நின்றுவிடும். கவனிக்காமல் விட்டால் அதுவே மூளையை நிரந்தரமாகச் சேதப்படுத்தும். சர்க்கரை குறைந்த குழந்தையை வைத்துக்கொண்டு தொப்பூர் கணவாய் இறங்குகிற நேரம், மூளை பட்டினி கிடக்கிற நேரம். தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, குழந்தை எடை குறைவாக இருந்தாலோ, பால் சரியாக இறங்காவிட்டாலோ இதை முதலில் சந்தேகப்படுங்கள்.

அதற்கடுத்து கால்சியம், மெக்னீசியம், கிருமித்தொற்றுக்கான பரிசோதனை. தேவைப்பட்டால் முதுகுத் தண்டுநீர். தாய்ப்பாலுக்குப் பதில் பசும்பால் கொடுத்த குழந்தைக்கும், வைட்டமின் டி குறைவான தாயின் குழந்தைக்கும் கால்சியம் இறங்கி வலிப்பு வருவதுண்டு. இவை எல்லாவற்றையும் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் பார்த்துக்கொள்ளலாம். குழந்தை நிலைப்பட்ட பிறகு, மருத்துவர் எழுதிக்கொடுத்தால், மேற்கொண்டு ஊர் போகலாம்.

போகும்போது 108-ஐக் கூப்பிடுங்கள். பச்சிளங்குழந்தைகளுக்கென்றே தனி வண்டியும் உண்டு. டூவீலரில் துண்டு போர்த்திக் கொண்டுபோவது வேண்டாம். குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு ஒட்டவைத்து, தலைக்குக் குல்லா போட்டு, மேலே போர்த்துங்கள். இழுத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு சங்கிலோ பாலாடையிலோ எதுவும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும்.

வீடியோ எப்படி எடுப்பது?

துணியை விலக்கி, தலை முதல் கால் வரை தெரியும்படி, வெளிச்சத்தில் எடுங்கள். கண்கள் கட்டாயம் தெரியவேண்டும். ஒருவர் எடுக்க, இன்னொருவர் உதறும் கையை மெதுவாகப் பிடித்துக் காட்டட்டும். தூக்கத்தில் வந்தால் எழுப்பிக் காட்டட்டும். முடியும் வரை நிறுத்தாதீர்கள். குழந்தையின் பெயர் சொல்லி அழுதுகொண்டே எடுத்தாலும் பரவாயில்லை, படம் ஆடாமல் இருந்தால் போதும். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பதிலுக்காக வீட்டில் காத்திருக்க வேண்டாம். வண்டியில் வரும்போது அனுப்புங்கள்.

சாவிக்கொத்தைக் கையில் கொடுக்கலாமா? சூடு வைத்தால் ஜன்னி நிற்கும் என்கிறார்களே?

இரும்பு கொடுப்பதால் வலிப்பு நிற்காது. பெரும்பாலான வலிப்பு தானாகவே ஓரிரு நிமிடத்தில் நிற்கும், பெயர் சாவிக்குப் போய்விடும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயில் எதையும் வைக்காமல் இருந்தால் போதும். சூடு வைப்பது பச்சை உடம்பில் புண்ணையும் சீழையும்தான் கொண்டுவரும். கற்பூரம் கலந்த தைலத்தை மார்பிலும் உச்சியிலும் தேய்ப்பதை அடியோடு நிறுத்துங்கள். கற்பூரம் தோல் வழியாக உள்ளே போய் அதுவே வலிப்பை வரவழைக்கும்.

செலவு?

அரசு மருத்துவமனையில் நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை சிகிச்சை, பரிசோதனை, போக்குவரத்து எல்லாம் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் இலவசம். தனியார் சிகிச்சை என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கானது அது. குறிப்பிட்ட பரிசோதனை அதில் வருமா என்பதைச் சேரும்போதே காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள்.

இஇஜியிலும் வலிப்பு உறுதியாகிவிட்டது. மருந்து வாழ்நாள் முழுக்கவா?

இல்லை. இந்தப் பயத்தில்தான் பலர் மருந்தையே கொடுக்காமல் விடுகிறார்கள். முதலில் கொடுப்பது பெரும்பாலும் பினோபார்பிட்டோன். 2020-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில் அது 80 சதவீதக் குழந்தைகளுக்கு வலிப்பை ஒரு நாள் முழுக்க அடக்கியது. லெவெடிராசிட்டம் என்ற இன்னொரு மருந்து 28 சதவீதம்தான். சர்க்கரைக் குறைவு, மூச்சுத்திணறல் போன்ற தற்காலிகக் காரணத்தால் வந்த வலிப்பு என்றால், அடங்கிய பிறகு வீட்டுக்குப் போகும் முன்பே மருந்தை நிறுத்திவிடலாம் என்று 2023-ல் வந்த பன்னாட்டு வழிகாட்டுதல் சொல்கிறது. எம்ஆர்ஐயில் பாதிப்பு தெரிந்தாலும் அப்படியே. நீங்களாக நிறுத்தாதீர்கள். "எப்போது நிறுத்தலாம்?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கேளுங்கள். மரபணு அல்லது மூளை அமைப்புக் கோளாறு என்றால் மருந்து நீளும்.

ஸ்கேன் நார்மல். இனிப் பார்க்கவே வேண்டாமா?

பார்க்க வேண்டும். காரணம் தெரியாத வலிப்பு திரும்பத் திரும்ப வந்து, எந்த மருந்துக்கும் அடங்காவிட்டால், வைட்டமின் பி6 கொடுத்துப் பார்ப்போம். அதற்கு மட்டுமே கட்டுப்படும் அரிய வகை வலிப்பு ஒன்று உண்டு. ஸ்கேன் எப்படி இருந்தாலும், வலிப்பு வந்த குழந்தைக்குத் தலை நிற்பது, குப்புற விழுவது, இரண்டு கையையும் ஒரே மாதிரி நீட்டுவது எல்லாவற்றையும் மாதாமாதம் கவனிக்க வேண்டும். மூன்று நான்கு மாதத்திலேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால் "இவன் இடது கைக்காரன்" என்று சிரித்து விட்டுவிடாமல் காட்டுங்கள். பயிற்சியை அந்த வயதில் தொடங்கினால் பலன் அதிகம்.

இஇஜிக்கு வரும் அன்று தலைக்கு எண்ணெய் வைக்கலாமா?

வேண்டாம். முந்தின நாளே தலையை நன்றாக அலசிவிட்டு, எண்ணெய் தொடாமல் கொண்டுவாருங்கள். எண்ணெய் இருந்தால் மின்முனை ஒட்டாது. தூக்கத்திலும் விழிப்பிலும் பதிவு வேண்டும் என்பதால் முடிந்தவரை பசியோடு வந்து, இங்கே மின்முனை ஒட்டிய பிறகு பால் கொடுங்கள், அப்படியே தூங்கிவிடும். தூளியில் ஆட்டினால்தான் துள்ளல் வருகிறது என்றால் அந்தப் புடவையையும் எடுத்துவாருங்கள்.